ஒல்லாந்தர் சுவரில் நுரை

கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். கசிவு இருந்தால் கீச்கீச்சென்று கத்தும். எங்கள் ஏஜென்சியில் அதை வாங்கிய அன்று ஓய்வு பெற்றவர்களையும் பொன்னேரிக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். "பெட்டி இல்லாத காலத்துல எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்கள். நான் பழவேற்காட்டு கீசர் விவகாரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். சம்பந்தியம்மாள் தலையில் சோப்புத் தண்ணீர் விழுந்த கட்டத்துக்கு வருவதற்குள் பிரியாணி வந்துவிட்டது. கூட்டம் எழுந்து போய்விட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் முதலில் சிலிண்டர் வண்டி மிதித்தவன். மெக்கானிக் ஒருவர் துபாய் போய்விட்டதால் அந்த இடத்துக்கு என்னைப் பிடித்துப் போட்டார்கள். சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். வாஷர், ரெகுலேட்டர், ரப்பர் ஓஸ், அடுப்பு, கசிவு. பயிற்சி முடிந்து திரும்பியபோது என் மூக்கைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கை தூக்கியவன் நான்தான்.

அந்த மூக்கைப் பழவேற்காடு உடைத்தது. சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அழுகின முட்டை, கெட்டுப்போன முட்டைக்கோஸ், பூண்டு மாதிரி ஒரு நாற்றம். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடித் தண்ணீர் வற்றினால் சேறும் அதே நாற்றம்தான் அடிக்கும். கருவாட்டுக் களம் இருக்கிறது, இறால் ஓட்டுக் குவியல் இருக்கிறது. ஊர் முழுக்க ஒரு பெரிய சிலிண்டர் திறந்து கிடப்பது போலத்தான். பழவேற்காட்டிலிருந்து போன் வந்தால் ஆபீஸில் எல்லோரும் மின்விசிறியை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை சுண்ணாம்புக்குளத்தில் ஒரு வாத்தியார் வீட்டு அடுப்பைத் திருகு திருகாகக் கழற்றினேன். கசிவு எதுவும் இல்லை. பர்னருக்கு அடியில் ஒரு நண்டு செத்துக் கிடந்தது. அது எப்படி அங்கே ஏறியது என்று வாத்தியாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

என் மேலதிகாரி கனகசபை சார். இன்ஸ்பெக்டர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. 'கசிவு', 'லீக்' என்ற சொற்களை வாடிக்கையாளர் வீட்டில் சொல்லவே மாட்டார். ஜனங்கள் பதறுவார்களாம். "விஷயம் இருக்கா?" என்று கேட்பார். "இருக்கு சார்" அல்லது "இல்ல சார்" என்று நான் சொல்ல வேண்டும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் காலிங்பெல்லை அழுத்த மாட்டார். அதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது என்பார். விரல் முட்டியால் கதவைத் தட்டுவார். கதவு திறந்ததும் உள்ளே வராமல் வாசற்படியில் நின்று, தாடையைத் தூக்கி, கண்ணை அரைவாசி மூடி, நீளமாக மூச்சை இழுப்பார். வீட்டுக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். கடைசியில் "ம்" என்பார். அந்த 'ம்' எனக்கு வேத வாக்கு. தனியாகப் போகும் வீடுகளில் நானும் அதேபோல் தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படிதான். எரிகிற ஸ்விட்சை அணைக்கக் கூடாது, அணைந்ததைப் போடக் கூடாது. கதவு, ஜன்னல் திறக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர். துணி சோப்பைச் சீவி ஊறவைத்துக் கரைத்த தண்ணீரை ஷேவிங் பிரஷ்ஷால் தொட்டு சிலிண்டர் வாய், ரெகுலேட்டர், ஓஸின் இரண்டு முனை, குழாய்த் திருகு என்று வரிசையாகத் தடவ வேண்டும். குமிழ் வந்தால் விஷயம் இருக்கிறது. வராவிட்டாலும் அவர் விட மாட்டார். பையிலிருந்து ஒரு துவாலைச் சுருளை எடுத்துப் பிரிப்பார். உள்ளே ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய், பாதிவரை நீலத் தண்ணீர். சிலிண்டரைத் திறந்து ஓஸில் கேஸை நிரப்பி, மறுபடி மூடிவிட்டு, ஓஸின் மறுமுனையில் அந்தக் குழாயை மாட்டுவார். அழுத்தத்தில் ஒரு பக்கம் தண்ணீர் உயர்ந்து நிற்கும். நின்றால் நல்லது. இறங்கினால் எங்கேயோ ஓட்டை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் பேசக் கூடாது. அவர் கோவிலில் நிற்பவர் மாதிரி நிற்பார்.

இனி ஏகாம்பரத்தின் வீடு. ஏகாம்பரம் ஏரியில் தொழில் செய்பவர், சொந்தமாகப் படகு வைத்திருந்தார். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரில் அவர் வீடு. மண்டையோடும் எலும்பும் செதுக்கிய வாசல் அவர் வாசலுக்கு நேராக இருக்கும். வீட்டின் பின்சுவரும் ஒல்லாந்தர் காலத்தது. மெல்லிசான செங்கல், சுண்ணாம்பு, ஒரு மாடு படுக்கிற அகலம். அதைக் காட்டாமல் அவர் யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்.

அவருடைய மகள் ரேவதி காட்டூர்ப் பையன் சுரேஷைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். நெல் விளைகிற வீடு அது. பையனின் அம்மா பூங்காவனம் அம்மாள், மருமகள் மீனவர் வீட்டுப் பெண் என்பதால் கல்யாணத்துக்கே வரவில்லை. பேரன் பிறந்த பிறகுதான் இந்த வீட்டு வாசலை மிதித்தார். தாய்வீட்டில் இருக்கும் மனைவியும் பச்சைப்பிள்ளையும் வெந்நீருக்குக் கஷ்டப்படக் கூடாதென்று சுரேஷ் சென்னையிலிருந்து ஒரு கேஸ் கீசர் வாங்கி வந்து, கூட வேலை செய்யும் நண்பனை வைத்து மாட்டிவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து பூங்காவனம் அம்மாள் காட்டூரிலிருந்து பஸ் ஏறி வரும்போதெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "நாத்தம் அடிக்குது."

மீனவர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஏகாம்பரம் கொதித்துப் போனார். பூங்காவனம் அம்மாளோ, கேஸ் நாற்றம் இருக்கும் வீட்டில் குழந்தை இருக்கக் கூடாது, தாயையும் பிள்ளையையும் காட்டூருக்கு அழைத்துப் போகிறேன் என்று நின்றார். கடைசியில் ஏஜென்சிக்காரர்கள் வந்து சொல்வதுதான் தீர்ப்பு என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு போன் செய்தார்கள்.

நாங்கள் போய் இறங்கியதுமே ஏகாம்பரம் என்னைத் தனியே ஓரம் கட்டினார்.

"தம்பி, லீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தம்மா வந்தா நாத்தம் வருது, போனா பூடுது. கேஸுக்கு ஆளு தெரியுமா? எம் பேரன இட்டுனு போறதுக்குப் போட்ற நாடகம். நீ ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போ. ரெண்டு கிலோ இறால் கட்டி வெச்சிகிறேன்."

அவர் நகர்ந்ததும் பூங்காவனம் அம்மாள் வந்தார். கழுத்துவரை இழுத்துப் போர்த்திய புடவை, தோளில் ஒரு துணிப்பை. "இன்னாப்பா, நீயாச்சும் நெசத்தச் சொல்லு. பச்சப்புள்ள கெடக்கற எடம். இருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், வண்டி புடிச்சி இட்டுனு பூடுவேன். புது அரிசி ஒரு மூட்டை உன் வூட்டுக்கு வந்துடும்."

கசிவுக்கு இருபக்கமும் ஏலம் நடந்தது என் சர்வீஸில் அந்த ஒரு நாள்தான்.

கனகசபை சார் வாசலில் நின்று தாடையைத் தூக்கினார். வீடே மூச்சடைத்து நின்றது. "ம்" என்றார். பிறகு ஒவ்வொருவரிடமும், "எது மாதிரி நாற்றம்?" என்று கேட்டார். பூங்காவனம் அம்மாள், "கெட்டுப்போன பூண்டு" என்றார். ஏகாம்பரம், "எனக்கு ஒண்ணும் வர்ல" என்றார். அவர் மனைவி மல்லிகா, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லேசா கீது சார், ஆனா எங்கேர்ந்துன்னு தெரில" என்றார். அறைக்குள் குழந்தையோடு படுத்திருந்த ரேவதி, "அத்த வந்தா வருது சார். அது இன்னா கணக்குன்னு எனக்கும் புரில" என்றாள்.

குளியலறைக்குப் போனேன். கீசர் பளபளவென்று சுவரில் தொங்கியது. கிட்டே போய் முகர்ந்தேன். அடித்தது. சந்தேகமே இல்லை, நான் பயிற்சியில் கை தூக்கிய அதே நாற்றம். பூங்காவனம் அம்மாள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். "இருக்கு சார்" என்று கத்தினேன். சார் வந்தார். அதற்குள் அந்தம்மா வெளியே போய்விட்டார். மறுபடி முகர்ந்தேன். நாற்றம் இல்லை. "இல்ல சார்" என்றேன். அந்தம்மா திரும்பி வந்தார். "இருக்கு சார்" என்றேன். ஏகாம்பரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் இறாலை நான் இழந்துவிட்டேன் என்று தெரிந்தது.

சார் என் மூக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "சோப்பு" என்றார்.

சிலிண்டர் கொல்லையில் இருந்தது. அங்கிருந்து ஓஸ் அந்த ஒல்லாந்தர் சுவரில் துளை போட்டு நுழைந்து குளியலறையில் வெளியே வந்தது. ஓஸை இப்படிச் சுவருக்குள் ஓட விடவே கூடாது. இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். எல்லா முனையிலும் சோப்பு தடவினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. ஏகாம்பரம் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சம்பந்தி?" என்றார். "சோப்புக்கு இன்னா தெரியும்?" என்றார் பூங்காவனம் அம்மாள்.

சார் துவாலைச் சுருளைப் பிரித்தார்.

நீலத் தண்ணீர் உயர்ந்து நின்றது. நாங்கள் எல்லோரும் குளியலறை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். சம்பந்திகள் இருவரும் தோளோடு தோள் உரசி நின்றது அதுவே முதல் முறையாக இருக்கும். கொல்லையில் ஒரு கோழி கொக்கரித்தது. ஏகாம்பரம் அதை அடக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது தண்ணீர் இறங்கியிருந்தது. நூல் அளவுதான். சார் அசையவில்லை. இன்னும் ஒரு நூல் இறங்கியது.

"விஷயம் இருக்கு" என்றார் சார். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

முனைகளில் இல்லை என்றால் சுவருக்குள். அந்தச் சுவரின் நடுவே திடமாக ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் செங்கல், உள்ளே உடைகல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியது. அதற்குள் கசியும் கேஸ் எங்கே வேண்டுமானாலும் இறங்கிப் போகலாம். கேஸ் காற்றைவிடக் கனம், தரையைத் தேடும். சார் சுவரை ஒட்டியே நடந்தார். குளியலறையைத் தாண்டினால் அதே சுவரை ஒட்டி ரேவதியின் அறை. அவளையும் குழந்தையையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். கட்டிலை நகர்த்தினார். கட்டிலுக்கு அடியில், சுவரும் தரையும் சேரும் இடத்தில் காரை பெயர்ந்து ஒரு வெடிப்பு இருந்தது. என்னைக் கொல்லைக்கு அனுப்பி சிலிண்டரைத் திறக்கச் சொன்னார். திறந்துவிட்டு வந்து, மண்டியிட்டு, வெடிப்பில் சோப்பைத் தடவினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கடுகு அளவுக் குமிழ் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சுவர் நுரை தள்ள ஆரம்பித்தது. எத்தனையோ தலைமுறை அசையாமல் நின்ற சுவர் வாயோரம் நுரையோடு இருந்ததைப் பார்த்து ஏகாம்பரம், "ஐயோ, என் சுவரு" என்றார். அந்தக் கட்டிலில்தான் அவர் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பது அதற்குப் பிறகுதான் அவர் முகத்தில் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடிப்போய் சிலிண்டரை மூடிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் மல்லிகா முற்றத்தைக் கடந்து வருவது தெரிந்தது. கையில் சாம்பிராணிச் சட்டி. குழந்தையைக் குளிப்பாட்டியபின் அறைக்குள் புகை போடுவது அவருடைய தினப்படி வேலை. சட்டியில் கங்கு செக்கச்செவேலென்று இருந்தது. அவர் நடுவிலேயே அடுப்படிக்குப் போய்விட்டதால் சுவர் நுரைத்தது அவருக்குத் தெரியாது.

சார் அறை வாசலில் நின்றார். "நில்லுங்கம்மா" என்றார். அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை. "நில்லுங்கம்மா" என்று அதே குரலில் மறுபடி சொன்னார். ஆயுள் முழுக்கச் சத்தம் போடாத மனிதருக்கு அந்த அவசரத்தில் சத்தம் வரவில்லை. மல்லிகா வந்துகொண்டே இருந்தார். சார் குனிந்து என் சோப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து, "இன்னா சொல்றாரு?" என்று கேட்டபடி பூங்காவனம் அம்மாள் நடுவில் வந்தார்.

பாதித் தண்ணீர் சட்டியில் விழுந்து கங்கு சீறி அணைந்தது. மீதிப் பாதி சம்பந்தியம்மாள் தலையில். அவர் வாயைத் திறந்தார், ஒரு குமிழ் வந்தது. என் அனுபவத்தில் முதல் தடவையாக நான் அதைப் பரிசோதனை முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எல்லாரும் வெளிய போகலாம்" என்றார் சார்.

எங்கே போவது? மதிய நேரம், சுற்றிலும் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அடுப்பும் கரண்ட் கம்பியும் இல்லாமல், அந்த வீட்டுக் காற்றும் வந்து சேராத இடம் எதிரே இருந்த கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். ரேவதி குழந்தையோடு முன்னால் நடக்க, நுரையோடு பூங்காவனம் அம்மாள், அணைந்த சட்டியைக் கையிலேயே பிடித்தபடி மல்லிகா, துவாலைச் சுருளை அணைத்துக்கொண்டு சார் என்று தெருவைக் கடந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் காரணம் கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள்.

வாசலில் வாட்ச்மேன் காதர் பாய் கையை நீட்டித் தடுத்தார். "இன்னா இது? கல்யாண ஊர்வலமா? கும்பலா உள்ள வுட மாட்டேன். போர்டு பாருங்க."

சார் நின்று போர்டை முழுக்கப் படித்தார். சமைக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது, விளையாடக் கூடாது, ஆடு மாடு மேய்க்கக் கூடாது. "பச்சைக்குழந்தை கூடாதுன்னு இல்லையே" என்றார். காதர் பாயும் ஒருமுறை படித்துப் பார்த்தார். "அது இல்ல" என்று ஒப்புக்கொண்டு வழிவிட்டார்.

நான் திரும்பிப் போய், சிலிண்டரைக் கழற்றி வெளியே உருட்டி, ஓஸை அறுத்து உருவினேன். சுவருக்குள் இருந்த பகுதியில் ஒரு செங்கல் முனை ரப்பரைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிய கீறல் போட்டிருந்தது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு கல்லறைக்குப் போனேன்.

அங்கே ஒல்லாந்தர் ஒருவரின் பெரிய கல்லின் மேல் ரேவதி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூங்காவனம் அம்மாள் வெற்றி முழக்கம் செய்துகொண்டிருந்தார். "நான் சொன்னேனா இல்லியா? நாத்தம்னு சொன்னேனா இல்லியா? அய்யா வாசல்லயே மோந்து கண்டுபுடிச்சிட்டாரு. கேளுங்க அவர."

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். நானும் பெருமையோடு பார்த்தேன்.

"எனக்கு வாசனை தெரியாதும்மா" என்றார் சார். "சின்ன வயசுல ஒரு ஜுரம் வந்துது. அதுலருந்து மூக்கு வேலை செய்யறதில்ல."

"அப்போ வாசல்ல நின்னு...?" என்று நான்தான் கேட்டேன்.

"படி ஏறினா எனக்கு மூச்சு வாங்கும்பா" என்றார். "கொஞ்சம் நின்னுட்டுதான் உள்ள வருவேன்."

எத்தனை வீடுகளின் வாசலில் நான் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பூங்காவனம் அம்மாள் விடவில்லை. "சரி, எம் மூக்கு வேலை செஞ்சிதே" என்று சொல்லிக்கொண்டு, முகம் துடைக்க ஒரு துண்டை எடுக்கத் துணிப்பைக்குள் கையை விட்டார். நனைந்த பை அடியோடு பிய்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் கல்லின் மேல் கொட்டியது. ஒரு பிளாஸ்டிக் கவர் அவிழ்ந்தது. கட்டிப் பெருங்காயம், அதோடு பூண்டு. இரண்டும் ஈரத்தில் ஊறிக் குழைந்து கிடந்தன. நாற்றம் எழுந்தது. கீசருக்குப் பக்கத்தில் வந்து வந்து போன அதே நாற்றம். குழந்தைகூட முகத்தைச் சுளித்தது.

அந்தம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "புள்ள பெத்தவளுக்கு மருந்து கிண்டணும்னு முதல் நாளே எடுத்தாந்தேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "உங்க கையில எப்படிக் குடுக்கறதுன்னு தெரில. நீங்களும் கேக்கல. வர்றப்பல்லாம் எடுத்துனு வந்து, எடுத்துனு போனேன்."

ஏகாம்பரத்துக்கு நல்ல சந்தர்ப்பம். வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பேரனைப் பார்த்தார். எதிரே திறந்து கிடக்கும் தன் வீட்டைப் பார்த்தார். "நீங்க இத எடுத்தாராங்காட்டி நாங்க யாரையும் கூப்ட்டிருக்க மாட்டோம் சம்பந்தி" என்றார். "அந்தச் சாம்பிராணி..." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மல்லிகா எழுந்தார். "கேஸு போயிருக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு, சார் தலையசைத்ததும் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு போர்வை, ஒரு புடவை. ஊதாவில் மஞ்சள் கரை. பெட்டியிலிருந்து எடுத்தது என்று மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. "ஈரத்தோட நிக்காதீங்க. இத்தக் கட்டிக்குங்க" என்று நீட்டினார்.

பூங்காவனம் அம்மாள் வாங்கினார். வாங்கிய கை, பழக்கத்தில், அதை நேராக மூக்குக்குக் கொண்டு போனது.

கல்லறையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். மல்லிகா முகம் இறுகியது. ரேவதி குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டாள். அந்தம்மா நிதானமாக, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தார். நீலத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

"அந்துருண்டை வாசன" என்றார். "எங்க வூட்லயும் இத்தான் போட்டு வெப்போம்."

மல்லிகா ஒரு போர்வையை விரித்துப் பிடிக்க, உயரமான கல்லறை ஒன்றின் பின்னால் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். காதர் பாய் போர்டை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீசரைக் கழற்றிவிட்டோம். கொல்லையில் விறகடுப்பு மூட்டி அன்றைக்கு வெந்நீர் போட்டார்கள். நாங்கள் கிளம்பும்போது பூங்காவனம் அம்மாள் அந்த ஊதாப் புடவையிலேயே அடுப்பு முன்னால் உட்கார்ந்து, எது முதலில், எது பிறகு என்று மல்லிகாவோடு வாதாடிக்கொண்டு மருந்துக்குப் புதுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும், "தம்பி, நீங்க காட்டூர் வழியாத்தான போவீங்கோ?" என்றார்.

"ஆமாம்மா."

"எங்க வூட்ல ஒரு சேதி சொல்லிடு. நான் வர நாளாவும். கோழிங்கள அவங்களையே பாத்து அடைக்கச் சொல்லு."